பூனைக்குப் போட்ட மீன் தலை

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். மாமாவை அங்கே என்ன செய்தீர்கள், பாரிஸ் திரும்பியதிலிருந்து வாயே திறக்க மாட்டேன் என்கிறார், மேசைக்கு மீன் வந்தால் எழுந்து போய்விடுகிறார் என்றாய். நான் சிரித்தேன். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். இது போனில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே மாமனாருக்குப் பரிந்துகொண்டு குறுக்கே வருவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது என்பதை இந்த வயதில்தான் கண்டுபிடித்திருக்கிறேன். ஆகவே உட்கார்ந்து படி. இது முழுக்க என் கை எழுதியது. ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆறிய காபியில் ஐஸைப் போட்டுக் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

உன் கல்யாணத்துக்கு மறுநாள் மதியத்திலிருந்து தொடங்குகிறேன். கிரேக்க நாட்டில் பாரோஸ் தீவு. பார், எழுதிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெயர் என் நாக்கில்கூட நிற்கவில்லை. உன் மனைவி ஸ்டெல்லா, கல்யாண விருந்து கடற்கரையில்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டாள், நீ அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாய், எனக்கும், வியட்நாமிய வழக்கப்படி நீ மா என்று கூப்பிடும் உன் அம்மாவுக்கும் டிக்கெட் அனுப்பினாய். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். மேசைக் கால்கள் மணலில் புதைந்திருந்தன. காற்றில் பறக்காமலிருக்க மேசை விரிப்புக் காகிதத்தைக் கிளிப் போட்டுப் பிடித்திருந்தார்கள். கடை வாசலில் கயிறு கட்டிப் பேய்க்கணவாயைத் துணி காயப்போடுவது போலக் காயப்போட்டிருந்ததைப் பார்த்து உன் மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோம்பு வாசனை அடிக்கும் சாராயத்தில் தண்ணீர் ஊற்றினால் அது பாலாகிவிடுவதை நான் மூன்று தரம் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். நாற்காலிகளுக்கடியில் பூனைகள். அந்தப் பூனைகளை ஞாபகம் வைத்துக்கொள்.

உன் மாமனார் சவரிநாதனைப் பற்றி அதுவரை எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. காரைக்காலில் பிறந்து பிரான்சில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் காரைக்கால் வித்துதான், பிறந்ததும் வாழ்வதும்தான் சைகோன். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே கோயில் பாட்டுகளைப் பாடியவர்கள். பேசிப் பழகலாம் என்றுதான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பாரிஸிலிருந்து வந்த அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். சாப்பாட்டு அட்டை வந்தது. அவர் அதை எல்லார் தலைக்கும் மேலாக என் பக்கம் நீட்டி, மாப்பிள்ளையின் அப்பாதான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார். கண்ணாடியை அறையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற பொய் அது. அதற்கு அவர் என்ன செய்தார் என்பது உனக்கும் தெரியும். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, எட்டிச் சாய்ந்து, அவர் கையாலேயே என் மூக்கில் மாட்டிவிட்டார்.

"இந்தாங்க சம்பந்தி, என் கண்ணாடி. இப்ப படிங்க."

அந்தக் கண்ணாடி வழியாகக் கடல் நெளிந்தது, மேசை நெளிந்தது, எல்லார் பல்லும் நெளிந்தது. நான் அட்டையில் ஓர் இடத்தில் விரலை வைத்தேன். பரிமாறுகிற பையன் குனிந்து பார்த்துவிட்டு, அது கடை திறக்கும் நேரம் என்று பணிவாகச் சொன்னான். ஸ்டெல்லா அதை எங்களுக்கு மொழிபெயர்த்தாள், பாவம், சிரிக்காமல். மற்றவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். இது மட்டும் என்றால் நான் விட்டிருப்பேன். எழுத்து தெரியாதவனைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கு எழுத்து தெரியாதுதான். அப்பா சின்ன வயதில் போய்விட்டதால் ஜவுளிக் கடையில் மூட்டை தூக்கப் போனேன், நகரத்தின் பெயர் மாறி அந்தக் கடை மூடிய பிறகு தெருமுனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டினேன். எனக்கு எழுத்து எங்கேயும் வழிமறித்ததில்லை. உன்னைக் காரைக்காலுக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பியதே, நான் விட்டதை நீ பிடிப்பாய் என்றுதான்.

ஆனால் அடுத்து மீன் வந்தது. சங்கரா மாதிரி சிவந்த மீன், முழுசாகச் சுட்டு, எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு, தலையோடு. உன் மா சைகோனுக்குப் பக்கத்திலுள்ள கான் யோ கடற்கரைக்காரி என்பது உனக்குத் தெரியும். அவள் வீட்டு வழக்கம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, பத்து வயதில் போய்விட்டாய். அவர்கள் வீட்டில் மீனைத் திருப்பிப் போடக் கூடாது, படகு கவிழும். மீனின் தலை, வந்திருக்கும் விருந்தாளிகளில் மூத்தவருக்கு. வீட்டுக்காரி தன் கையால் அதை அவர் தட்டில் வைப்பாள், அவர் அதைத் தொடும்வரை மற்றவர்கள் சாப்பிடும் குச்சியை எடுக்க மாட்டார்கள். வைத்த தலையைத் திரும்ப எடுப்பது கிடையாது. எடுத்தால், நீ இந்த வீட்டு மனிதன் இல்லை, எழுந்து போ என்று பொருள். என் மாமனார் ஒரே ஒரு முறை அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். உன் பெரியம்மாவை அடித்துக்கொண்டிருந்த புருஷனின் கிண்ணத்திலிருந்து, ஒரு வார்த்தை பேசாமல், தலையை எடுத்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

உன் மா அன்றைக்கு மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். யார் அங்கே உட்காரவைத்தார்கள் என்று கேட்க மாட்டேன். எழுந்து, மணலில் செருப்பு புதையப் புதைய, மேசை நீளத்துக்கு நடந்து வந்து, மீன் தலையை எடுத்து, சவரிநாதன் தட்டில் வைத்து, இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதை அது. அதைக் கொடுக்கத்தான் விமானத்தில் கால் வீங்கி அவ்வளவு தூரம் வந்தாள். உன் மாமனார் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"பூனைக்குப் போடுறத எனக்கு வைக்குது பாருங்க, இந்த அம்மா."

சொல்லிவிட்டு, வாலைப் பிடித்து எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் அதைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் போட்டார். பூனைகள் பாய்ந்தன. சிரிப்பு. உன் மா எதுவும் புரியாதவள் போலப் புன்னகைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பி நடந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். என் அம்மாவோடு ஒரே சமையலறையில் இருபது வருஷம் சண்டை போட்டவள் அவள். ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. மகனே, நான் அப்போது உன்னைப் பார்த்தேன். நீயும் சிரித்தாய். பெரிதாக இல்லை, மாமனாரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற அளவுக்கு ஒரு சின்னச் சிரிப்பு. சின்னதுதான். நான் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

கோபத்தை மறந்துவிடு, மன்னித்துவிடு என்று ஞாயிறு பூசையில் சொல்வார்கள். நான் உனக்கு வேறு சொல்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் அதை நுவோக் மாம் போல வை. மீனையும் உப்பையும் ஜாடியில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றி, மூடி, வெயிலில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். அவசரப்பட்டுத் திறந்தவனுக்கு நாற்றம்தான் மிச்சம். காத்திருந்தவனுக்குச் சோறு முழுக்க ருசி. நான் அந்தத் தீவில் வாயைத் திறக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்தும் உன் மாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

முதலில் கண்ணாடிக் கணக்கைத் தீர்க்க வேண்டும், அதற்கு எழுத்து வேண்டும். நம் வீட்டு மாடியில் குடியிருக்கும் கனகாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், திருச்சிப் பெண். அவள் புருஷன் காலையிலேயே பின் யுவோங் தொழிற்சாலைக்குப் போய்விடுவான், இவளுக்குப் பேச ஆள் கிடையாது. சந்தையில் கொத்தமல்லி கேட்கத் தெரியாமல் அழுதுகொண்டு வருவாள். நான் அவளுக்கு வியட்நாமியப் பேச்சு சொல்லித்தருவது, அவள் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தருவது என்று பேச்சு. தமிழ் முடிந்ததும் வியட்நாமிய எழுத்துக்கு வந்தோம். அது ஆங்கில எழுத்து மாதிரிதானே, மேலேயும் கீழேயும் கொம்பும் புள்ளியும் வேறு. எழுத்து அவளுக்குத் தெரியும், ஓசை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தெருவில் நின்று கடைப் பலகைகளைப் பார்ப்போம். அவள் எழுத்தைச் சொல்வாள், நான் இப்படியா அப்படியா என்று ராகம் போட்டுப் பார்ப்பேன், திடீரென்று அது ஒரு சொல்லாகிவிடும். அட, இது பல் பிடுங்குகிற கடையா, பிறந்ததிலிருந்து இதைத் தாண்டித்தானே போகிறேன் என்று நடுத்தெருவில் கத்துவேன். "ஐயா, மெதுவா, எல்லாரும் பாக்குறாங்க" என்பாள் கனகா. பார்க்கட்டும் என்பேன். இந்த நகரம் ஒரு கடையைக்கூட என்னிடமிருந்து மறைக்க முடியாது இனிமேல்.

அப்புறம் தெய்வமே பார்த்து அனுப்பியதுபோல, உன் மாமனாரும் மாமியாரும் சுற்றுலாவாக இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று நீயே சொன்னாய். சைகோன் நடுவே, முதலாம் டிஸ்ட்ரிக்டில் ஓட்டல். சம்பந்தி வீட்டைப் பார்க்காமல் போனால் நன்றாயிருக்காது என்று அவரே போன் செய்தார். வாருங்கள், கான் யோவில் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம், என் மச்சான்மாரும் வருவார்கள் என்றேன். குரலில் தேனை ஊற்றினேன், உனக்கு நடிப்பு என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த வாரம் பஸ் பிடித்து, படகுத்துறையில் மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே நின்று ஆற்றைக் கடந்து, கான் யோ போய்க் கடை பார்த்தேன். முதல் கடையில் மீன் நல்ல மீன், ஆனால் மூன்று பூனை. வேண்டாம் என்றேன். அடுத்ததில் ஒரு குட்டி மேசைக்கடியில் தூங்கியது. அதுவும் வேண்டாம். கடைசிக் கடையில் ஒரு கறுப்பு நாய் இருந்தது, அதைப் பார்த்து அந்தத் தெருவில் ஒரு பூனையும் காலை வைப்பதில்லை என்று கடைக்காரி பெருமையாகச் சொன்னாள். நாய்க்குச் சோறு போட்டுக் கட்டிப்போடச் சொன்னேன். பெரிய கொடுவாவாக ஒன்றை வேகவைத்துத் தலையோடு கொண்டுவரச் சொன்னேன். கடைக்காரி, விருந்தாளி பெரிய மனிதரோ என்று கேட்டாள். மிகப் பெரிய மனிதர் என்றேன்.

அந்த மதியம் கான் யோ கடல் எப்போதும் போலக் காபி நிறத்தில் கிடந்தது. உன் மாமனார் பார்த்துவிட்டு, பாரோஸ் கடல் எப்படி நீலமாக இருந்தது இல்லையா என்றார். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது சம்பந்தி என்றேன். உன் மாமன்மார் நான்கு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு அட்டையைக் கடைக்காரி என்னிடம் நீட்டினாள். நான் அதை அவருக்கு நீட்டி, மூத்த விருந்தாளிதான் சொல்ல வேண்டும், இங்கேயும் அதுதான் முறை என்றேன். அவர் புரட்டினார். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்தாகத்தான் இருக்கிறது, பொருள் ஒன்றும் பிடிபடவில்லையே என்றார். அந்த நிமிஷத்துக்காகத்தான் மகனே, தெருத் தெருவாக நின்று கத்தினேன். எழுத்துப் படிக்கவென்று வாங்கியிருந்த என் கண்ணாடியைக் கழற்றினேன். மேசைக்கு மேல் எட்டிச் சாய்ந்து அவர் கண்ணாடியை எடுத்துவிட்டு என்னுடையதை அவர் மூக்கில் மாட்டினேன்.

"இந்தாங்க சம்பந்தி, இதப் போட்டுப் பாருங்க. தெரியும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனதைப் பார்த்தேன். நான் என் கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, அட்டையை எடுத்து மேலிருந்து கீழ் வரை, கடை திறக்கும் நேரம் உட்பட, உரக்கப் படித்தேன். உன் மாமன்மார் என் படிப்பைக் கேட்டுக் கை தட்டினார்கள். அவர்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

பிறகு கொடுவா வந்தது. உன் மா எழுந்தாள். அவளிடம் நான் திட்டம் எதையும் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வழக்கப்படி அவள் தலையை எடுத்து அவர் கிண்ணத்தில் வைப்பாள், எட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும், அவர் தொடும்வரை யாரும் குச்சியை எடுக்க மாட்டார்கள், நாற்காலிக்கடியில் பூனையும் இருக்காது. கண்ணும் கன்னமும் செவுளும் எல்லாம் அவர் வாய்க்குள் போவதை இருந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் போட்டிருந்த திட்டம். அப்படியேதான் நடந்தது. அவள் வைத்தாள். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றாள். மாமன்மார் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சவரிநாதன் கிண்ணத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். பக்கத்து மேசைக்கடியில் பார்த்தார். ஆவி அடங்கி மீன் ஆறத் தொடங்கியது. எனக்கு அந்த நேரம் நீண்டுகொண்டே போக வேண்டும் போலிருந்தது.

அப்போது உன் மா குச்சியை எடுத்தாள். குனிந்தாள். அவர் கிண்ணத்திலிருந்து அந்தத் தலையைத் தூக்கித் தன் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, கன்னத்துச் சதையைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

மாமன்மாரில் மூத்தவர் மெதுவாகத் தன் நாற்காலியை உன் மாமனாரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். என் மாமனாருக்கு அப்புறம் அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யத் துணியாததை அவள் செய்துவிட்டாள். உன் மாமனாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவள் தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மெர்சி. மெர்சி, சம்பந்தி," என்றார். இரண்டு முறை. கும்பிட்டார் வேறு.

அவள் வாயில் மீனோடு தலையை அசைத்தாள். உன்னைப் பெற்றவளை அந்த மனிதர் சம்பந்தி என்று வாயால் அழைத்தது அதுதான் முதல் தடவை. தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றியதற்கு நன்றி சொல்லி அழைத்தார். நான் தட்டுத் தடுமாறிக் கட்டிய வீட்டை அவள் ஒரு குச்சியால் கோபுரமாக்கிவிட்டாள். சாப்பாடு முடியும்வரை அவர் ஒருவர்தான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம் என்பாய். விடுவேனா? டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளை இறக்கிய பிறகு, அன்றைக்குத் தலையை ஏன் எடுத்தாள் தெரியுமா என்று கேட்டேன். தனக்குப் பிடிக்காது என்று தெரிந்து உதவி செய்தார்கள், தங்கமான மனசு என்றார். பெரியம்மா புருஷன் கதையைச் சொன்னேன். நிதானமாக, ஒன்றையும் விடாமல், தள்ளிப் போன நாற்காலி வரைக்கும். அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். உன் மாமியார்தான் பேசினார்கள்.

"அந்தப் பூனை விவகாரம்தானே? அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா? இப்ப வாய மூடிக்கிட்டு வாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டதுதான் உனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் உள்ளே போவதற்கு முன் திரும்பி வந்து, இனிமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, மீன் அவளுடையது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் மாவிடம் கேட்டேன். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஒங்களுக்குக் கண்ணாடிக் கோவம். எனக்குத் தலக் கோவம். யாரு கோவம் பெருசு?" என்றாள். பிறகு தன் அப்பா வீட்டு வழக்கத்தில் மிச்சத்தையும் சொன்னாள். தலையை இழந்தவர் ஒரே ஒரு முறை அதைக் கேட்டு வாங்கலாம். சொந்த வாயால் கேட்க வேண்டும், தான் செய்த அவமானத்தைப் பார்த்தவர்கள் எல்லார் முன்னாலும். கொடுப்பதும் கொடுக்காததும் வீட்டுக்காரி இஷ்டம்.

வருகிற கோடையில் எல்லாரும் மறுபடி பாரோஸ் போகலாம், அதே கடையில் சாப்பிடலாம் என்று நீதான் சொன்னாய். பாரிஸ் சொந்தக்காரர்களையும் கூப்பிடு, ஒருவர் குறையக் கூடாது. நாங்கள் வருகிறோம். அட்டையை நான் படிக்கிறேன். கிரேக்க எழுத்தையும் கனகா எங்கிருந்தோ எடுத்துவந்து தொடங்கிவிட்டாள், பாதி எழுத்து ஏணி மாதிரியும் கொக்கி மாதிரியும் இருக்கிறது. இந்த முறை உன் மா மேசையின் நடுவில் உட்காருவாள், நீ அவள் பக்கத்தில். மீன் தட்டு வந்ததும் நீ எழுந்து, அதைத் திருப்பாமல் அவள் முன்னால் வைக்க வேண்டும். அந்தச் சின்னச் சிரிப்புக்கு நான் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான். உன் மாமனார் கேட்பதாக இருந்தால் அப்போது கேட்கட்டும்.

இதையெல்லாம் எழுதி உன் மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டால் கொடுப்பாயா என்று கேட்டேன். அந்தக் கடைப் பூனைகள் எல்லாம் சுகமாக இருக்கின்றனவா என்று உன்னை விசாரித்து எழுதச் சொன்னாள்.